பன்னிரண்டு தூண்களும் அக்காவின் மெசினும்

காலை 6.10 மணி. வைத்தியசாலையிலிருந்து அக்காவின் உடலைக் கொண்டுவந்த வாகனம் பரந்தன் வீட்டுப் படலை வாசலில் நின்றபோது, முதலில் கண்ணில் பட்டது அவரது டைல்ஸ் வெட்டும் மெசினின் தண்ணீர்த் தட்டு. அது மாமரத்தின் கீழ் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன் நெஞ்சு வலியோடு புறப்பட்டவர், அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறியிருந்தார்.

அக்கா துணுக்காயில் பிறந்தவர். எங்கள் நால்வரில் மூத்தவர். போரின் கடைசி மாதங்களில் அத்தானை இழந்து, முகாமிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு பரந்தனுக்கு வந்தார். வீட்டுத்திட்டத்தில் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுத்தபடியே டைல்ஸ் பதிக்கப் பழகினார். பிறகு தனியாக வேலை எடுத்தார்.

கையில் பிடிக்கும் கிரைண்டரால் வெட்டினால் ஓரம் பொரிந்துவிடும். தூசி வீட்டை நிறைக்கும். ஆகவே அலகு தண்ணீரில் நனைந்தபடி சுழலும் மேசை மெசின் ஒன்று வாங்க வவுனியா போனார். கடைக்கார முஸ்லிம் அண்ணர், மெசின் பாவிக்கும் ஆளைக் கூட்டிவரச் சொன்னார்.

"பாவிக்கிற ஆள்தான் நிக்கிறன், நானா."

கடைக்காரர் பெரிய மோட்டரைப் புகழ்ந்தார். அக்கா பையிலிருந்து உடைந்த டைல்ஸ் துண்டுகளை எடுத்து வைத்தார். "சத்தம் எனக்கு வேண்டாம். வெட்டின ஓரத்தைக் காட்டுங்கோ." கடையிலிருந்த மூன்று மெசின்களிலும் வெட்டுவித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, சிறியதையே எடுத்தார். தட்டைத் தனியே கழற்றிக் கழுவலாம் என்பதும் ஒரு காரணம்.

முதல் மாதமே ஒரு பிழை நடந்தது. எங்கள் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம். அந்தத் தண்ணீரையே ஊற்றியதால் வெள்ளைப் படிவு மெசினின் சிறிய பம்பை அடைத்தது. அலகு உலர்ந்து சூடேறி, ஒரு வீட்டில் ஏழு டைல்ஸ் வெடித்தன. அதன்பிறகு மழைத் தண்ணீர், கோடையில் அக்கராயன் குளத்துத் தண்ணீர். மெசினுக்குக் குளத்துத் தண்ணீர், எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரில் தேநீரா என்று கேட்டேன். "தேத்தண்ணி வெடிக்காது, குடி" என்றார்.

வேலை முடிந்ததும், சேறு இறுகுமுன் தட்டைக் கழுவுவார். அலகு மழுங்கினால் ஒரு சீமெந்துக் கல்லை வெட்டிக் கூராக்குவார்.

கோயில் அன்னதான மண்டப வேலை அவரிடம் வந்தது கும்பாபிஷேகத்துக்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது. பன்னிரண்டு வட்டத் தூண்கள். தூணடியைச் சுற்றித் தரையில் பதிக்க, தூணுக்கு நான்கு டைல்ஸ் வளைத்து வெட்ட வேண்டும். முதலில் வந்தவர் கிரைண்டரால் ஒன்பதை உடைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வகை டைல்ஸ் கடைகளில் இல்லை. மீதம் நாற்பத்தொன்பது, தேவை நாற்பத்தெட்டு.

நிர்வாக சபையில் மூத்தவர் ஒருவர், கணவனை இழந்தவர் கும்பாபிஷேகத்துக்கு முன் மண்டபத்தில் வேலை செய்வது சரியில்லை என்றார். அக்கா மெசினை ஓட்டோவிலிருந்து இறக்கவில்லை.

"அப்ப கும்பாபிஷேகம் முடிய வாறன், ஐயா. தூணெல்லாம் அப்பிடியே நிக்கட்டும்."

சபையின் மற்றவர்கள் மெசினை இறக்கினார்கள்.

அந்த மெசின் நேராக மட்டுமே வெட்டும். அக்கா டைலில் வளைகோடு கீறி, அந்தக் கோடுவரை சீப்புப் பற்களைப்போல நெருக்கமாகப் பல வெட்டுகள் போட்டார். பற்களைக் குறட்டால் முறித்து, ஓரத்தை அலகில் மெல்லத் தேய்த்தார். முதல் நாள் உடைந்த துண்டுகளில் மட்டும் பழகினார். அடுத்த மூன்று நாட்களில் நாற்பத்தெட்டையும் வெட்டிப் பதித்தார். ஒன்றும் உடையவில்லை. அந்த மூத்தவர் டோர்ச் பிடித்துப் பன்னிரண்டு தூண்களையும் சுற்றிவந்து, கடைசித் தூணடியில் குந்தினார்.

"நகம் போக இடமில்லை, பிள்ளை."

"மிச்சம் ஒண்டு கிடக்கு, ஐயா. எடுத்து வையுங்கோ" என்றார் அக்கா.

பின்னர் பரந்தனிலும் கிளிநொச்சியிலும் அவர் தளம் பதித்த வீடுகள் பல. மகள்மார் இருவரும் அந்த உழைப்பில் பட்டம் பெற்றார்கள்.

அக்காவின் இறுதி நாட்களில் அருகிருந்த தாதியருக்கும், நேரம் பாராமல் ஓட்டோ ஓடிய அயலவருக்கும், சமைத்துத் தந்த உறவுகளுக்கும், வவுனியாவிலிருந்து வந்து நின்ற கடை நானாவுக்கும் எங்கள் நன்றி.

அக்காவின் ஆண்டுத் திவச அன்னதானம் அந்தப் பன்னிரண்டு தூண் மண்டபத்திலேயே நடைபெறுகிறது. முதல் பந்தி பன்னிரண்டு மணிக்கு.