மூக்கம்மா அடைத்த காற்று

தண்ணீர் விற்றுப் பிழைப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தத் தீவில் காற்றை அடைத்துப் பிழைத்தவள் ஒருத்திதான். கடலுக்குள் முக்குளிக்க வருகிறவர்களின் முதுகில் ஏறும் ஒவ்வொரு சிலிண்டரும் பத்தொன்பது வருஷமாக அவள் கையால் நிரம்பியது. நிரப்பியதும் வால்வை மயிரிழை திறந்து, சீறும் காற்றை முகர்ந்து பார்ப்பாள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ துளி இருந்தாலும் போச்சு, மொத்தத்தையும் வெளியே விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அவள் வேலை பார்த்த முக்குளிப்புக் கடையில் எல்லாருக்கும் அவள் மூக்கம்மாதான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாளும் முக்குளித்ததில்லை. கேட்டால், "சமைக்கிறவளுக்குப் பசிக்காதுப்பா" என்று பேச்சை முடித்துவிடுவாள். உண்மையான காரணம் பயம். அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு இருந்தது.

சிலிண்டரில் காற்றை அடைக்கும் கம்ப்ரெஸ்ஸர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தது. அது காற்றை உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம், அதன் இன்ஜின் புகை போவது மறுபக்கம். மழை மாதங்கள் நெருங்கும்போது காற்று திசை மாறும். குழாயையும் இடம் மாற்றி வைக்காவிட்டால் புகை நேரே சிலிண்டருக்குள் போய்விடும், முக்குளிப்பவர் உயிருக்கே ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம் ஒருதரம் மறந்துபோனாள். முகர்ந்தபோது பிடிபட்டது, யார் முதுகிலும் ஏறவில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் அப்புறம் அவளை விடவே இல்லை.

அவளுடைய ஒரே மகள் அதே கடையில் முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டி. மழை மாதங்களில் கடை மூடித்தான் கிடக்கும். மேற்குக் கரையில் அலை படகை விடாது. கிழக்கு விரிகுடா அமைதிதான், ஆனால் தண்ணீர் பச்சைப் பசேலென்று கலங்கி, ஆறு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பொறுப்பான ஆள் இருந்தால் இந்த வருஷம் கடையைத் திறந்தே வைக்கலாம் என்று முதலாளி சொன்னார். நான் இருக்கிறேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தாயோ அவளுக்குத் தீவுக்கு அப்பால் அக்கரையில், பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பேசி முடித்திருந்தாள். திங்கட்கிழமை அங்கே போகப் படகு.

"கலங்கின தண்ணியில என்னத்தடி பாக்கப் போற?"

"அது அழுக்கு இல்லம்மா, சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பாசி. அதைத் தின்ன யாரு வர்றாங்கன்னு உனக்குத் தெரியாது."

"தெரியவும் வேணாம்."

"ஒரே ஒரு தடவை என்கூட உள்ள வா. பாத்துட்டு வேணாம்னு சொல்லு. திங்கக்கிழமை வாயைத் திறக்காம படகு ஏறிடறேன்."

பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டால் பெண் பிழைத்துப்போவாள் என்று தாய் கணக்குப் போட்டாள். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நாள் பழகினாள். சனிக்கிழமை காலையில் தன் சிலிண்டரை மூன்று தரம் முகர்ந்துவிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

மகளின் கையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு, போட்ட கணக்குப்படியே கண்ணை இறுக மூடியபடி இறங்கினாள். காதுக்குள் தன் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்தாள். எண்ணெய் இல்லை, புகை இல்லை. யாரோ நல்ல வேலைக்காரிதான் நிரப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் நெஞ்சு கொஞ்சம் இளகியது. மகளின் விரல்கள் அவள் கையை அழுத்தின. ஒருதரம், மறுபடி ஒருதரம். கண்ணைத் திறந்தாள்.

பச்சை இருண்டு கிடந்தது. சுவர் என்று நினைத்தாள். சுவரில் ஐந்து நீளக் கீறல்கள் இருந்தன. அவை ஒன்றாகத் திறந்தன, மூடின. அதுவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. வரிசை வரிசையாக, அவசரமே இல்லாமல் அவள் முகத்துக்கு முன்னால் நகர்ந்தன. ஏழு மூச்சு இழுத்தாள், உடம்பு இன்னும் முடியவில்லை. யானையைத் தடவிய குருடர் கதைதான், எது முதுகு எது விலா என்று பிடிபடவில்லை. அது நகர்ந்த வேகத்தில் தண்ணீர் அவளை மெல்லத் தள்ளிவிட்டது. கடைசியில் ஆள் உயர வால் ஒன்று அசைந்து பச்சைக்குள் கரைந்தது. இத்தனை வருஷம் பயந்தவளுக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. கும்பிட வேண்டும் போலிருந்தது. இதைப் பார்க்கவா இத்தனை பேருக்கு மூச்சு அடைத்துக் கொடுத்தேன் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இருவரும் படகில் ஏறினார்கள். மகள்தான் ஆரம்பித்தாள். "திமிங்கலச் சுறாம்மா. கடிக்காது. சரி, சொல்லு. வேணாம், அவ்வளவுதானே?"

"தலையைப் பாக்கலடி."

"எப்படிப் பாப்ப? கண்ணை மூடிட்டு இருந்தியே. நான் கவனிச்சேன்."

தாய்க்கு முகம் சிவந்தது. கரை வரும்வரை கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றே எடுத்துக்கொண்ட மகள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள்.

சாயங்காலம் கொட்டகையில் கம்ப்ரெஸ்ஸர் ஓடும் சத்தம் கேட்டு மகள் வந்து எட்டிப் பார்த்தாள். திசை மாறியிருந்த காற்றுக்கு ஏற்றபடி குழாய் இடம் மாறியிருந்தது. தாய் குனிந்து ஒரு சிலிண்டரை முகர்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொன்று தயாராக நின்றது.

"கடைதான் மூடியிருக்கே. ரெண்டு சிலிண்டர் யாருக்கும்மா?"

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு தலையைப் பாக்காதவளுக்கு."

"எப்போ?"

வால்வை இறுக்கிவிட்டுத்தான் தாய் நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமை."