பத்து நம்பரும் ஒரு பல்லுக் கதிரையும்

பல்லுக் கிளினிக்கில் வேலை செய்பவனைச் சிரித்த முகத்தோடு யாரும் பார்க்க வருவதில்லை. வருகிறவருக்குச் சிரிக்க வாய் திறக்காது. எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பக்கத்து அரசாங்க ஆசுபத்திரி ஒன்றில் எனக்கு அந்த வேலை. ஒரு டொக்டர், பல் பிடுங்க வருகிறவர் இருக்க ஒரு கதிரை, நாளைக்குப் பத்து நம்பர். மட்டையில் எழுதிய அந்த நம்பர்களைக் காலை ஏழு மணிக்கு நான்தான் கொடுப்பேன். பல்லில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற மருந்து எங்களுக்கு வருவது அபூர்வம். வசதியுள்ளவர் கொழும்புக்குப் போய் அடைத்துக்கொண்டு வருவார், மற்றவர் எங்களிடம் பிடுங்கிக்கொண்டு போவார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்ற சகோதரங்களே, அந்நாளில் நீங்கள் என்னைத் திட்டியதெல்லாம் என் காதில் விழுந்தது. நியாயந்தான்.

எட்டரை மணி பஸ்

தம்பிலுவில் ஊர்க் கண்மணி அக்கா கருவாடு விற்பவர். அந்த வியாபாரத்துக்குத் தொண்டை வேண்டும். அவருக்கோ கடைவாயில் கொடுப்புப் பல் வலியில் வாயைத் திறந்தால் உயிர் போகிறது. கூவாமல் விற்கிறவரிடம் யார் வாங்குவது? பல்லைப் பிடுங்கினால்தான் பிழைப்பு. ஆனால் அவருடைய ஊர் முதல் பஸ் எங்களிடம் வந்து சேர எட்டரையாகிவிடும். ஏழு மணிக்குக் கொடுக்கும் நம்பரோ ஏழு ஐந்துக்கே முடிந்துவிடும். முதல் தரம் திரும்பிப் போனார், இரண்டாம் தரமும் போனார். மூன்றாம் தரம், “கொஞ்சம் வெள்ளென வாங்களன் அக்கா” என்று பெரிய புத்திமதி சொன்னேன். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி அவர் சொன்னார்:

“நான் வெள்ளெனத்தான் வாறன் தம்பி. பஸ்ஸுக்குப் பல்லு வலிக்கல்ல, அது ஆறுதலாத்தான் வருகுது.”

போடியாரின் இரண்டாம் நம்பர்

பெரிய வயல்களின் சொந்தக்காரர் ஒரு போடியார். அவருக்கும் பல்வலி வந்தது. போடியார் வரிசையில் நிற்பாரா? விடியச் சுபஹுத் தொழுகையோடு தன் வயல்காரன் ஆதம்பாவாவை அனுப்பி நம்பர் எடுக்க வைத்தார். அவன் இரண்டாம் நம்பரை எடுத்துக்கொண்டு காத்திருந்தான். போடியார் காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்துக் காரில் வந்து இறங்கும்போது, ஆதம்பாவா வாயில் பஞ்சோடு வெளியே வந்துகொண்டிருந்தான்.

மூன்று மாதமாக அவனுக்கும் ஒரு பல் வலித்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நம்பரைக் கூப்பிட்டபோது போடியாரைக் காணவில்லை, கதிரையும் காலி, ஏறி இருந்துவிட்டான். “என்ட நம்பர் எங்கடா?” என்று போடியார் பாய்ந்தார். பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அவன் சொன்னான்:

“நம்பர் உங்கடதான் போடியார், பல்லு மட்டும் என்ட.”

தங்கப் பல்

புடவைக்கடை ஹாஜியார் கொழும்பில் தங்கப் பல் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் சாவு நடந்த மையித்து வீட்டிலும் சிரித்தார். ஒருநாள் அந்தத் தங்கத்துக்குக் கீழே வேர் பழுதாகி, கொழும்பு போகும்வரை பொறுக்க முடியாத வலி. எங்கள் மர வாங்கில் ஒன்பதாம் நம்பரோடு வந்து குந்தினார். வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கத்தைக் கண்டுவிடுவார்கள், பிடுங்கிய கையோடு அது காணாமல் போய்விடும் என்ற பயம். வீரமுனையிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர் அவரைத் தேற்றினார்:

“பயப்படாதீங்க ஹாஜியார், இஞ்ச இரிக்கிற எங்களுக்கு இரிக்கிற பல்லே பாரமாத்தான் கிடக்கு.”

நோன்பு இரகசியம்

நோன்பு மாதம் வந்தால் எங்கள் கிளினிக் வெறிச்சோடிவிடும். இரத்தமோ கொப்பளிக்கிற தண்ணீரோ தொண்டையில் இறங்கி நோன்பு முறிந்துவிடும் என்று எங்கள் ஊர் முஸ்லிம் சனம் முப்பது நாளும் வலியைப் பொறுத்துக்கொள்ளும். நம்பர்கள் என் மேசையில் தேடுவாரற்றுக் கிடக்கும். நான்காம் தரமும் சுணங்கி வந்த, நோன்பில்லாத கண்மணி அக்காவிடம் இந்த இரகசியத்தைச் சொன்னேன். “வாற வியாழக்கிழமை நோன்பு தொடங்குது. எத்தின மணிக்கு வந்தாலும் நம்பர் இரிக்கும்.”

அது இரகசியமாக இருந்தது அவர் பஸ் ஏறும் வரைக்குந்தான். இரண்டு நாளில் விநாயகபுரத்து மீனவர் ஒருவர், ‘காக்கா’ என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டபடி தேடி வந்தார். நம்பர் வேண்டுமா என்று கேட்டேன்.

“நம்பர் கிடக்கட்டும் காக்கா, உங்கட பிறை புதன்கிழமை நிச்சயமாத் தெரியுமா?”

பிறை

தெரியவில்லை. பிறை கண்டால்தான் மறுநாள் நோன்பு, புதன் மாலையோ வானமெல்லாம் ஒரே மப்பு. நோன்பு வெள்ளிக்கிழமைதான் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பிறையைக் காணாமலே வாக்குக் கொடுத்த முதல் முஸ்லிம் நானாகத்தான் இருப்பேன். வியாழன் காலை போய்ப் பார்த்தால் வாசலில் கந்தூரிச் சோற்றுக்கு வந்தது போலக் கூட்டம். நோன்புக்கு முன் கிடைத்த அந்த ஒருநாளை விடக்கூடாதென்று எங்கள் ஊரே கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றது. பத்து நம்பரும் பறந்துவிட்டன.

எட்டரைக்கு பஸ் வந்தது. பத்துப் பேர் இறங்கினார்கள், முன்னால் கண்மணி அக்கா. “பிறை காணல்ல அக்கா” என்றேன். எனக்கு வந்த வெட்கம் சொல்லி முடியாது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து முழித்தது. விஷயம் விளங்கியதும் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வீங்கிய கன்னங்கள் எல்லாம் “ஆ... ஊ...” என்று முனகிக்கொண்டே சிரித்தன. சத்தம் கேட்டு வெளியே வந்த டொக்டர் விசாரித்துவிட்டு, “நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கதானே? நாளையான் நம்பர் பத்தையும் பஸ்ஸில வந்த ஆக்களுக்கு இப்பவே குடு” என்றார். முதல் மட்டையைக் கண்மணி அக்காவின் கையில் வைத்தேன். எனக்குத்தான் பல் பிடுங்கிய சுகம்.

அக்காவின் வாயைப் பார்த்ததும் டொக்டரின் சிரிப்பு நின்றது. அலைந்த மாதங்களில் பக்கத்துப் பல்லும் பழுதாகிவிட்டது. முதல் தரமே நம்பர் கிடைத்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். இரண்டையும் பிடுங்கினார். வெளியே வந்த அக்கா கடதாசியில் சுற்றியிருந்த பற்களை என் மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்:

“இதப் பூச்சி திண்டது தம்பி. இத உங்கட நம்பர் திண்டது.”

அதற்குப் பிறகும் நாங்கள் ஏழு மணிக்கே நம்பர் கொடுத்தோம், பஸ் எட்டரைக்கே வந்தது, அந்த ஏழைகளுக்காக ஒருநாளாவது நகர்ந்து கொடுக்க மனம் வைத்தது வானத்தில் இருந்த பிறை ஒன்றுதான், அதுவும் முந்தாமல் பிந்தி, தவறான பக்கம்.