வாங்கில் யாரும் உட்காராத நாள்

பலகைகளை எழுதியது நான்தான். எழுத்துகள் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்று பென்சிலால் மேலும் கீழும் கோடு போட்டு, கறுப்பு எனாமலால் எழுதி, காய்ந்த பிறகு கோடுகளை அழித்தேன். அவ்வளவு ஒழுங்காக எழுதாமல் இருந்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது.

பசறையிலிருந்து நமுனுகுல போகும் வழியில் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். பதினோராம் வகுப்பில் நாஜி ஜெர்மனி வரும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே சிக்கல். சர்வாதிகாரி பதவிக்கு வந்ததும், கடைசியில் யூதர்கள் கொலை முகாம்களில் அழிக்கப்பட்டதும் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். நடுவில் நடந்தது நினைவிருக்காது. யூதர் கடைக்குப் போகாதே என்று தொடங்கி, வேலை, பிரஜாவுரிமை, பாடசாலை, ரேடியோ, சைக்கிள் என்று கட்டளைக்கு மேல் கட்டளையாக அது கூடிக்கொண்டே போன விதத்தைக் காட்டத்தான் இந்த முறை கண்காட்சியில் பலகைகள் வைக்க நினைத்தேன். தலைப்பை ஒரு நீளத் துணியில் தனியாக எழுதினேன்: 'நாஜி ஜெர்மனியில் யூதர் ஒடுக்குமுறை வளர்ந்த விதம்.' மண்டபத்தில் துணி மேலே. பலகைகள் அதன் கீழே, கால வரிசைப்படி. தலைப்பில் நாடு இருப்பதால் பலகைகளில் நாட்டின் பெயரை எழுதவில்லை. ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதுவது எனக்குப் பிடிக்காது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பே பலகைகளைக் காவலாளியிடம் கொடுத்து, ஒழுங்காக மாட்டச் சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் காவலுக்கு இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே 'புகைத்தல் தடை' புகைக்கிற இடத்தில் இருக்கும். 'கையை வைக்காதே' மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும். பலகை என்றால் அது சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் அறிந்த ஒழுங்கு. அன்று மாலை பெய்த மழையில் மண்டபம் ஒழுகியிருக்கிறது. துணியை அங்கேயே தொங்கவிட்டு, பலகைகளை வெளியே கொண்டுபோய், ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் ஆணி அடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறல். வாசல் கொட்டகைக்குள் பெற்றோர் உட்காரும் நீள வாங்கு காலியாக இருந்தது. ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றிப் பாதி நனைந்தபடி நின்றார்கள். வாங்குக்கு மேலே என் எழுத்து: 'இவ்வாங்கில் யூதர்கள் அமரக்கூடாது.'

ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒரு பெரியவர் குடையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரு அந்த ஆளுகன்னு தெரியலையே சேர். நம்மள இந்தியத் தமிழர்ன்னு போட்டானுக. அப்புறம் மலையகத் தமிழர்ன்னானுக. கணக்கெடுக்க வந்தவன் இந்தத் தடவ என்னா எழுதிட்டுப் போனான்னு எவனுக்குத் தெரியும்? அது நாமளா இருந்து, தெரியாம உட்காந்து வம்பாயிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அது வேறு நாடு, கண்காட்சிக்கு எழுதியது, தாராளமாக உட்காருங்கள் என்றேன். "சரிங்க சேர்," என்றார்கள். உட்காரவில்லை.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். கால வரிசை முழுதாகக் குலைந்திருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் என்னை வருத்தியது அதுதான். சைக்கிள்களை ஒப்படைக்கும் கட்டளை வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இருந்ததால், கணித ஆசிரியர் மோட்டார் சைக்கிளை வீதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும் என்பது தையல் அறைக் கதவில் இருந்தது. தையல் ஆசிரியை, இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிக்காக இருக்கும் என்று நினைத்து, மஞ்சள் துணியை வெட்டத் தொடங்கியிருந்தார். நூலும் மஞ்சளா என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

அதிபர் யாழ்ப்பாணத்தவர். எந்த வாக்கியத்திலும் வினைச்சொல்லை முதலில் பார்ப்பவர். தன் கதவில் 'அரச சேவையிலிருந்து நீக்கப்படுகின்றனர்' என்றிருந்ததைக் கண்டதும் வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

"எழுத்தில வரட்டாம் சேர். அதுவரைக்கும் அமுல்படுத்த வேண்டாமாம்," என்றார்.

நான் விளக்கினேன். நிம்மதியடைந்தார். உடனே, தன் கையொப்பம் இல்லாமல் பாடசாலைக்குள் அறிவித்தல் மாட்டியது எப்படி என்று கேட்டார். அதுவும் நியாயம்தான்.

காவலாளியைத் தேடிப் போனேன். அவருடைய கொட்டிலில் 'யூதர்கள் நாய், பூனை, பறவை வளர்க்கக்கூடாது' மாட்டியிருந்தது. எப்போதும் அங்கே படுத்திருக்கும் செவலை நாய் இல்லை. சட்டம் தெளிவாகும் வரை அதை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"வேல, சைக்கிளு, ரேடியோ எல்லாம் வெளங்குது சேர். நாய்க்கு எதுக்கு சட்டம்?"

போர்க்காலத்தில் உண்மையாகவே அப்படி ஒரு கட்டளை போட்டார்கள் என்றேன். அதற்கு ஒரு காரணம் இருக்குமே என்றார். படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நானும் தேடுகிறேன். கிடைக்கவில்லை.

கடைசிப் பலகை, 'ரயில்களில் கிழக்கே அனுப்பப்படுவர்', எங்கே என்று கேட்டேன். அதற்குத்தான் அதிகம் யோசித்தாராம். பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது, அதற்குக் கிழக்கே எந்தக் கோச்சி போகும் என்று அவருக்கு விளங்கவில்லை. பின்வாசல் கிழக்குப் பக்கம் என்பதால் அங்கே அடித்துவிட்டாராம்.

அடுத்ததை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, பலகைகளை ஒவ்வொன்றாக நின்று படித்து, பின்வாசல் வரை போய், அப்படியே இறங்கிப் போய்விட்டாளாம்.

அன்று முதலாம் வகுப்புச் சேர்ப்பின் கடைசி நாள். மேல்பிரிவு லயத்து வீடுகளிலிருந்து ஒரு பெண் பிள்ளை மட்டும் இன்னும் வரவில்லை. அதிபரின் மேசைக்கு முன்னால் சுவரில் இருந்த பலகை: 'யூதப் பிள்ளைகளுக்கு இப்பாடசாலையில் அனுமதி இல்லை.' அன்று சேராவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பசறைக்கு பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு அந்தத் தாயிடம் வசதி இல்லை.

ஆட்டோ பிடித்து மேல்பிரிவுக்குப் போனேன். அந்தப் பெண் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அரைநாள் சம்பளமாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பாள். பிள்ளை இன்னும் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் வாசல்படியில் இருந்தது.

கண்காட்சி, வேறு நாடு, பழைய காலம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

"நெசமா நடந்ததா சேர்?"

"நடந்ததும்மா."

"அப்ப சும்மா எழுதினதுன்னு எப்பிடிச் சொல்லுவீங்க?" கூடையை இறக்கவில்லை. "ஒவ்வொண்ணா கூடிக்கிட்டே போகுது. எங்க பெரிய மாமா குடும்பத்தையும் மொதல்ல கடுதாசியிலதான் இந்த ஊரு ஆளு இல்லைன்னு எழுதினாங்க. அப்புறந்தான் கோச்சியில ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பினாங்க. கடைசியில கோச்சின்னு பாத்தேன். பிள்ளைய இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

நான் வகுப்பில் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல, மாமாவின் கோச்சி போன இடத்தில் கஷ்டம் இருந்தது, அந்த ரயில்கள் போன இடத்தில் கொலை இருந்தது. அவள் தலையசைத்தாள்.

"மொதப் பலகையப் பாத்தப்பவே அந்தச் சனம் வீட்டுக்குப் போயிருக்கலாமே சேர்."

"வீடு அங்கதாம்மா இருந்துச்சு."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு பிள்ளையின் தலையைச் சீவிவிட்டாள்.

பாடசாலைக்குத் திரும்பியபோது பலகைகள் அப்படியே இருந்தன. ஆணி பிடுங்கும் சுத்தியலோடு காவலாளி நாயைக் கூட்டிவரப் போயிருந்தார். 'அனுமதி இல்லை' என்ற பலகைக்குக் கீழே பிள்ளையைக் கொண்டுபோக மாட்டேன் என்று தாய் முற்றத்திலேயே நின்றுவிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அதிபர் கதிரையையும் பிள்ளைகளைப் பதியும் சேர்வு இடாப்பையும் தூக்கிக்கொண்டு வாசல் கொட்டகைக்கு வந்தார். நான் மேசையைத் தூக்கி வந்தேன். காலையில் நின்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெயர், பிறந்த திகதி, தோட்டம், எல்லாம் எழுதியாயிற்று.

"இனம்?" என்றார் அதிபர்.

தாய் என்னைப் பார்த்தாள், பிறகு அவரை. "எத எழுதினா பிள்ளைக்கு நல்லது சேர்?"

"பிறப்புச் சான்றிதழில இருக்கிறதை எழுதுவம், அம்மா."

"அந்த நாட்டுலயும் சான்றிதழ்ல இருந்ததப் பாத்துத்தானே யாரு யூதருன்னு எழுதியிருப்பாங்க."

அதிபரின் பேனை நின்றது. இருபது வருடங்களில் அவர் அந்தக் கட்டத்தின் மேல் அவ்வளவு நேரம் தாமதித்ததை நான் கண்டதில்லை. வெறுமையாக விடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். வெறுமையாக விட்டால் வலயம் இடாப்பைத் திருப்பி அனுப்பிவிடும் என்றார். கடைசியில் சான்றிதழில் இருந்ததையே, வழக்கத்தைவிடச் சின்ன எழுத்தில் எழுதினார். தாய் எட்டிப் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தாள்.

அப்போதுதான் பிள்ளையைத் தேடினோம். அவள் எங்கள் பின்னால், வாங்கின் நடுவில், நேரே அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதில் உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அதைப் படிப்பிக்கத்தான் அவளைச் சேர்த்திருந்தோம்.