வீட்டுக்குள் ஹெல்மெட்

மொந்தேரியா நகரில் மோட்டார்சைக்கிளை வாடகைக்கு ஓட்டுபவர் எபர்த்தோ. தெருவில் ஹெல்மெட் போடச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்வார்; வீட்டுக்குள் மட்டும் அதைக் கழற்றமாட்டார். ஜன்னல் வழியே பார்த்த தெரு அவருக்கு விண்வெளிவீரர் என்றே பெயர் வைத்துவிட்டது.

"என்ன மச்சான், சாப்பாடு நிலாவுலயா?" என்பார் பக்கத்து வீட்டு ராமிரோ.

"ஆமா. அங்கதான் அடி விழாம சாப்பிடலாம்."

அடிப்பவள் ஐந்து வயது மகள் யுரானிஸ். கோபம் வந்தால் கரண்டி, செருப்பு, தேங்காய் மூடி என்று கையில் கிடைத்தது பறக்கும். கத்திப் பார்த்தார்கள், அவள் அதைவிடக் கத்தினாள். கடைசியில் மனைவி நெல்சி ஒரு சட்டம் போட்டாள்: யாரும் கத்தக்கூடாது, திருப்பி அடிக்கக்கூடாது. "கோவம் வந்தா வாயால சொல்லுடி" என்று மகளுக்குக் காலையும் மாலையும் ஓதினாள். நல்ல சட்டம்தான். அது பலிக்கும்வரை மண்டையை யார் காப்பது? எபர்த்தோ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

நெல்சியின் தங்கை மரெல்விஸ் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "அவ கை அடங்கட்டும்க்கா, அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டு வர்றேன்." அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சூப்பில் நெல்சிக்கு ருசியே தெரியவில்லை.

டிசம்பரில் மாதாவுக்கு வாசல்தோறும் மெழுகுவத்தி ஏற்றும் மாலை வந்தது. கெஞ்சிக் கூத்தாடித் தங்கையை வரவழைத்தாள் நெல்சி. நல்ல நாளாயிற்றே என்று எபர்த்தோவும் வெறுந்தலையோடு இருந்தார். யுரானிஸ் தானே ஒட்டிய காகித விளக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். தவழ்ந்து வந்த மரெல்விஸின் குழந்தை அதை ஒரே இழுப்பில் கிழித்தது.

யுரானிஸின் விரல்கள் மடங்கின. மரெல்விஸ் குழந்தையை வாரியெடுத்தாள். யுரானிஸ் உள்ளே ஓடினாள்.

"போச்சு, தொடப்பம் வரப்போகுது" என்றார் பக்கத்து வாசலில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ராமிரோ.

வந்தது ஹெல்மெட். இரண்டு கையாலும் தூக்கிவந்து அப்பா மடியில் வைத்தாள்.

"அப்பா, இதப் போட்டுக்கோ. எனக்குக் கோவம் வருது."

எபர்த்தோ மாட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். வார் பூட்டும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, கதவைத் தட்டுவதுபோல் ஒரே ஒரு தட்டு.

"போதும்" என்றாள் யுரானிஸ்.

நெல்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரெல்விஸ் குழந்தையை யுரானிஸ் மடியிலேயே உட்காரவைத்தாள். அது உடனே அவள் முடியைப் பிடித்து இழுத்தது.

"அப்பா, ஹெல்மெட்ட எனக்குக் குடு" என்று கெஞ்சினாள் யுரானிஸ்.

"அதான் பூமிக்கு வந்துட்டீங்களே மச்சான், கழட்டிக் குடுங்க" என்றார் ராமிரோ.

எபர்த்தோ அசையவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே ஆனந்தமாக அழுதுகொண்டிருந்தார்.