சிவப்புப் பெட்டி

பிறை என்ற ஊரில் சிப் செய்யும் தொழிற்சாலையில் பதினேழு வருடம் தரம் பார்த்தவள் நான். தொழிற்சாலையை நாங்கள் கிலாங் என்போம். மைக்ரோஸ்கோப்பில் ஒரு கீறல் தெரிந்தாலும் ரிஜெக்டுக்கான சிவப்புப் பெட்டிதான். போடுமுன் என்ன கோளாறு, எந்த இடத்தில், எப்போது என்று சீட்டெழுதி ஒட்டவேண்டும். சீட்டில்லாத சிப்பைப் பெட்டிக்குள் பார்த்தால் எனக்கு வரும் கோபத்தில் லைனே அமைதியாகிவிடும்.

மாலை வகுப்பில் படித்த கணினியை நம்பி, நாற்பத்து நான்கு வயதில் அந்த வேலையை விட்டேன். கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம் தீவில், சூலியா தெருவில், பணம் மாற்றும் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். பாஸ் என்னைவிட ரொம்பச் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார். நான் பாஸ் என்பேன், கோபம் வந்தால் தம்பி.

சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவைப் பூமியில் செய்துபார்க்கும் ஆய்வுக்கூடங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் பிடித்துவைப்பார்கள். ஒரு முயற்சி சில வினாடிதான். அதற்கு 'ஷாட்' என்று பெயர். ஒவ்வொரு கூடமும் அளவீடுகளைத் தன் இஷ்டத்துக்கு எழுதிவைத்திருக்கும். அவற்றை ஒரே மாதிரி ஆக்கி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொதுத் தளத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. அதைப் படித்துத்தான் 'மாடல்' எனும் கணினி நிரல் கற்றுக்கொள்ளும்.

என் முதல் தொகுப்பைத் திறந்தேன். சில ஷாட்டுகளில் அளவீட்டு வரைபடத்தின் கோடு அழகாக ஏறி, நேராகப் போய், மெதுவாக இறங்கியது. சிலவற்றில் பாதியிலேயே பொத்தென்று விழுந்தது. யோசிக்கவே இல்லை, விழுந்ததையெல்லாம் பொறுக்கி வெளியே எடுத்தேன். தொகுப்பு பளிச்சென்று ஆனது. பெருமையாக அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் பாஸ் லேப்டாப்போடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க டேட்டாவுல லேப்காரங்க மாடல் டிரெயின் பண்ணாங்க. எந்த ஷாட்ட காட்டினாலும் ஓகே ஓகேன்னு சொல்லுதாம். விழப்போறத மட்டும் சொல்லவே மாட்டேங்குது."

"விழுந்தத எல்லாம் நான்தான் எடுத்துட்டேனே பாஸ். ரிஜெக்ட்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்ப விழும்னு முன்னாடியே கண்டுபிடிக்கத்தான்க்கா இந்த வேலையே. விழுந்தா வாயு பிடிய விட்டு மோதி மெஷின் சுவரு கெட்டுப்போயிடும். விழுந்தத பாக்காம அது எப்படிலா கத்துக்கும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வேலை போச்சு என்றே நினைத்தேன். மறுபடி பாலம் தாண்டி, லாரிகளுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் பிறைக்குப் போவது கண்ணுக்குள் வந்தது. என் மைக்ரோஸ்கோப்பில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

"எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டீங்களா?"

அதைக் கேட்டதும் வெட்கம் போய்க் கோபம் வந்தது. "தம்பி, ரிஜெக்ட்ட யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா? கிலாங்குல அப்படியா பழகினோம்? பெட்டியில இருக்கு."

'சிவப்புப் பெட்டி' என்று நான் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சீட்டு: எந்த நொடியில் விழுந்தது, அதற்கு முன் எந்த அளவு முதலில் ஆட்டம் கண்டது, என் சந்தேகம் என்ன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். எங்கள் இரண்டு தே தாரிக் டீயும் ஆறிப்போயின. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத கையாலயா செஞ்சீங்க? லேப்காரங்க ரொம்ப நாளா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்கக்கா. உட்கார்ந்து குறிக்க யாருக்கும் பொறுமை இல்ல."

இரண்டு வாரம் கழித்து, மாடல் முதன்முறையாக ஒரு ஷாட்டைப் பார்த்து, விழுமுன்னே 'விழும்' என்றது. நான் கைதட்டிய சத்தத்தில் கீழ்க்கடைக்காரர் மாடிப்படியில் பாதி ஏறி வந்துவிட்டார். அன்று மாலையே நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது.

பொதுத் தளத்திலும் அந்த ஃபோல்டருக்குச் சிவப்புப் பெட்டி என்றே பெயர். தோற்றதை வெளியே காட்டக் கூச்சப்பட்டிருந்த கூடங்கள்கூட இப்போது தாமாகவே விழுந்த ஷாட்டுகளை அனுப்புகின்றன. பெரிய பெரிய விஞ்ஞானிகள் அனுப்புவதுதான். ஆனாலும் சீட்டில்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.