கௌபாய்க்குத் தமிழ் பேசியவர்

தெரிந்த உண்மையை எல்லா இடத்திலும் சொல்லியே தீர வேண்டுமா? எண்பதுகளில், அமீரகத்தின் புஜைராவில், எங்கள் தொழிலாளர் கேம்ப்பில், ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை மதியம் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

எங்கள் கிரேன் ஓட்டுநர் ஒல்லியானவர். முன்பல் ஒன்று இல்லை. வாரந்தோறும் வாடகை வீடியோவில் ஏதாவதொரு மலிவான கௌபாய் படம் ஓடும். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வசனங்களைத் தமிழில் சொல்லுவார். அன்று குதிரையில் வந்த கொள்ளையன் பண்ணை முதலாளியிடம் தண்ணீர்தான் கேட்டான். இவரோ, "யோவ் கஃபீலு, ரெண்டு வருசமாச்சு. பாஸ்போர்ட்டக் குடுய்யா, ஊருக்குப் போகணும்" என்றார். எங்கள் அனைவரின் பாஸ்போர்ட்டும் எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலின் அலமாரியில் இருந்ததால், அறையே சிரித்தது.

"நெசமாவே அதத்தான் கேக்குறானா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க" என்றார் ஒரு கொத்தனார்.

ஓட்டுநரின் முகம் வெளிறியது. ஆங்கிலம் அறிந்தவர் என்று கேம்ப்பில் அவருக்கிருந்த மதிப்பு முழுவதும் என் பதிலில் இருந்தது.

"அதைத்தான் கேட்கிறான்" என்றேன்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்களே" என்று அவர் கொத்தனாரை முறைத்தார்.

அடுத்த வாரம் முதல் என்னைத் தம் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் சரியான பொருளைக் காதோரம் சொல்வேன்; பிடித்ததை மட்டும் அவர் எடுத்துக்கொள்வார்.