பெட்டியக்கா

ஜீப்பிலிருந்து வடித்த எண்ணெயில் இரண்டு விரல்களைத் தோய்த்து, தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் பெட்டியக்கா. விரல் நுனியில் வெள்ளிபோல உலோகப் பொடி மினுங்கியது. “செயின் தொளதொளன்னு ஆயிடுச்சு. பெட்டிச் சுவரைச் சுரண்டுது,” என்றார்.

எஞ்சினின் வலுவை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ்தான் அவருடைய பெட்டி. பட்டறையில் மற்ற வேலையெல்லாம் கணவருக்கு, பெட்டி இவருக்கு. வேறு யாராவது அதைத் தொட்டால் பொல்லாத கோபம் வரும். குள்ள உருவம். புடவைமேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை. கழற்றிய சாமான்களை வெள்ளைத் துணியில் வரிசை மாறாமல் அடுக்குவார். வேலை முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பேச்சு மட்டும் ஓயாது, அதுவும் பெட்டியோடு. “அசையாதடி ராசாத்தி. ஆச்சு, ஆச்சு.”

அன்றைக்கு வந்தது, மலைமேல் தடுப்பூசி கொண்டுபோகும் ஜீப். இன்னொரு பட்டறையில், பெட்டியையே மாற்றவேண்டும், பத்து நாளாகும் என்று கைவிரித்துவிட்டார்கள். ஓட்டிவந்த நர்ஸ் மருந்து டப்பாவை மடியிலிருந்து இறக்கவேயில்லை. “ஐஸ் ராத்திரி ஏழு மணி வரைக்கும்தான் தாங்கும்க்கா.”

புதுச் செயின், புது பேரிங் எல்லாம் மாட்டி, மூடி, கடைசி போல்ட்டை இறுக்கியபோது மணி மூன்று. துணியை மடிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். மெல்லிய வாஷர் ஒன்று மிச்சம் இருந்தது.

“எக்ஸ்ட்ராவா வந்திருக்கும், விடு,” என்றார் கணவர்.

“உங்க வாயிலேர்ந்து பல்லு ஒண்ணு விழுந்தா, எக்ஸ்ட்ரான்னு விட்டுடுவீங்களா?”

நர்ஸ் சிரிக்கவில்லை. “அக்கா, அங்க முப்பது குழந்தைங்க காத்துக்கிட்டிருக்கு.”

“அதுக்குத்தாம்மா பிரிக்கிறேன். வாஷர் இல்லாம பாதி ஏத்தத்துல பெட்டி சூடேறி இறுகிப்போச்சுன்னா, உன்னை யார் வந்து தூக்குறது?”

சொல்லிக்கொண்டே முதல் போல்ட்டைக் கழற்றிவிட்டார். நர்ஸின் முகம் கடுகடுவென்று இருந்தாலும், அவரே விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நாலேமுக்காலுக்கு வாஷர் தன் இடத்தில் உட்கார்ந்து, பெட்டி மறுபடி மூடிக்கொண்டது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு சேற்று மேடு. நர்ஸ் ஜீப்பை அதில் ஏற்றினார். நான்கு சக்கரங்களும் கவ்விப் பிடிக்க, முனகல் இல்லாமல் உச்சிக்குப் போய் நின்றது. நர்ஸ் ஹாரனை விடாமல் அலறவிட்டார். கீழே கணவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

ஜீப்பைக் கீழே இறக்கிக்கொண்டு வந்த நர்ஸின் முகமெல்லாம் சிரிப்பு. “கிளம்பட்டுமாக்கா?”

“ஒரு நிமிஷம் இரு.”

பெட்டியக்கா சேற்றையும் பாராமல் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, புறங்கையைப் பெட்டியின் வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.